வால்வு இடைவெளி: சத்தம் வந்தால்தான் பார்க்க வேண்டுமா?

(வாகனப் பராமரிப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த அரங்கில் என் வேலை பேச்சாளர்களை அறிமுகம் செய்வதும், நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிப்பதும்தான். இன்று தயாரிப்பாளர் என்னையும் பேச்சாளர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். தலைப்பைக் கேட்டதும் என் தோழி சிரித்தாள். "நீ படித்தது தகவல் ஊடகத் துறையில் டிப்ளோமா. கார் என்ஜின் வால்வைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்றாள். நியாயமான கேள்விதான். நான் போமன் இல்லை. ஸ்பேனர் பிடித்து ஒரு திருகைக்கூடத் திருப்பியதில்லை. ஆனால் நான் ஒரு வாடகைக்கார் ஓட்டுநரின் மகள். ஒரே ஒரு வால்வு கருகினால் ஒரு குடும்பம் எத்தனை நாள் திண்டாடும் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு முன்பு பேசிய அண்ணன் ஒரு கருத்தைச் சொன்னார். "டெப்பட் சத்தம் கேட்டால் பட்டறைக்குப் போங்கள். சத்தம் இல்லையென்றால் தொடாதீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார். அரங்கில் நல்ல கைத்தட்டல். அவர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன். மற்றப் பாதியை நானும் 2012 வரைக்கும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில், இந்த இடைவெளி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக ஒரு கதவு, எரிந்த புகை வெளியேற ஒரு கதவு. அந்தக் கதவுகள்தாம் வால்வுகள். உள்ளே விடுவதை இன்டேக் என்றும், வெளியே விடுவதை எக்ஸாஸ்ட் என்றும் பட்டறையில் சொல்வார்கள். மேலே சுழலும் கேம் தண்டு, ராக்கர் என்ற நெம்புகோலை அழுத்த, ராக்கர் வால்வின் தலையை அழுத்த, வால்வு திறக்கிறது. அழுத்தாத நேரத்தில் ஸ்பிரிங் அதை இழுத்து மூடிவிடுகிறது. மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வின் தலைக்கும் நடுவே ஒரு சின்ன சந்து இருக்க வேண்டும். ஏன்? சூடு ஏறினால் உலோகம் நீளும். நீள இடம் இல்லையென்றால் வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும். அந்தச் சந்துதான் வால்வு இடைவெளி.

அதன் அளவு எவ்வளவு தெரியுமா? பல கார்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. நாம் படி எடுக்கும் வெள்ளைத் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிட்டத்தட்ட அந்தக் கனம் வரும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூடுகிறது. அதாவது நொடிக்கு 25 முறை. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போய்ச் சேருவதற்குள் இலட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை அடி வாங்குகிற இடத்தில் இரண்டு தாள் கனம் மாறாமல் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

மாறும். ஆனால் இரண்டு விதமாக மாறும். நாம் குழம்புவது இங்கேதான்.

ராக்கரும் வால்வின் தலையும் தேய்ந்தால் சந்து அகலமாகிறது. அகலமானால் ராக்கர் வந்து 'டக் டக்' என்று தட்டும். அதுதான் நாம் எல்லாரும் அறிந்த டெப்பட் சத்தம். வால்வு கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாகத் திறக்கும். இழுவை சற்றுக் குறையும். நெடுங்காலம் விட்டால் தட்டித் தட்டித் தேய்மானம் கூடும். தொல்லைதான், ஆனால் அவசர ஆபத்து இல்லை.

மற்றொரு தேய்மானம் கீழே நடக்கிறது. வால்வின் விளிம்பும், அது போய் அமரும் வளையமும் தேயும். தேயத் தேய வால்வு உள்ளே பதிந்து, அதன் தலை ராக்கரை நோக்கி மேலே ஏறும். அப்போது சந்து குறையும். குறைந்தால் சத்தமும் குறையும். என்ஜின் பட்டுப்போல் ஓடுகிறது என்று நாம் மகிழ்ந்துபோவோம். ஆனால் சூடேறியதும் அந்த வால்வு முழுவதும் மூடுவதில்லை. மூடாத இடுக்கு வழியாக நெருப்பு போன்ற புகை பாய்கிறது. இன்னொன்றும் உண்டு. வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைக் கொடுத்து ஆறிக்கொள்வது, மூடியிருக்கும் நேரத்தில் வளையத்தோடு ஒட்டி உட்கார்ந்துதான். உட்காரவே முடியாத வால்வுக்கு ஆற வழியில்லை. எக்ஸாஸ்ட் வால்வுக்குத்தான் சூடு அதிகம். ஆகவே முதலில் கருகுவதும் அதுதான்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

அப்பா கிள்ளானில் வாடகைக்கார் ஓட்டினார். கார் எரிவாயுவுக்கு மாற்றப்பட்டது. பழைய ஓட்டுநர்களுக்கு நினைவிருக்கும். 2012-இல் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.90 வெள்ளி, இயற்கை எரிவாயு 70 சென்னுக்கும் குறைவு. பெட்ரோனாஸ் நிலையத்தில் வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் ஓட்டுநர்களுக்கு அது கட்டுப்படியானது. ஆனால் எரிவாயு உலர்ந்த எரிபொருள். பெட்ரோல் எரியும்போது வால்வு அமரும் இடத்தில் ஒரு மெல்லிய படிவு உண்டாகி, கொஞ்சம் மெத்தைபோல் உதவும். எரிவாயுவில் அந்த மெத்தை இல்லை. வளையம் சீக்கிரம் தேயும். சந்து சீக்கிரம் குறையும்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பா வழக்கமாகப் போகும் பட்டறையின் போமனுக்குத் தெரிந்திருந்தது. அவர் சீனர், அப்பாவைவிட மூத்தவர். மினியாக் ஹீத்தாம் மாற்றப் போன ஒருநாள், வால்வு கவரைத் திறந்து டெப்பட்டைப் பார்த்துவிடலாம், 120 வெள்ளி ஆகும் என்றார். அப்பா யோசித்தார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கல்லூரியில் குறும்படப் பயிற்சிக்குக் கேமரா வாடகை கட்ட எனக்குப் பணம் தேவைப்பட்டது.

"என்ஜின் சத்தமே போடலையேப்பா, எதுக்குப்பா அதைப் போய்த் தொறக்கணும்?" என்றேன்.

"ஆமாம்மா, முன்னைக்கு இப்ப சத்தம் குறைஞ்சுதான் இருக்கு" என்றார் அப்பா, பெருமையாக.

போமன் தலையை ஆட்டிவிட்டு, "தாக் பூன்யி, லாகி பஹாயா" என்றார். சத்தம் இல்லாவிட்டால்தான் இன்னும் ஆபத்தாம். வேலை பிடிக்கப் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். 120 வெள்ளி என் கைக்கு வந்தது. குறும்படமும் எடுத்தேன். அதில் என்ன எடுத்தேன் என்பதுகூட இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை.

நான்கு மாதம் கழித்து, காலையில் நன்றாக ஓடும் கார் பத்து மணி வாக்கில், சூடேறிய பிறகு, சிவப்பு விளக்கில் நிற்கும்போது நடுங்க ஆரம்பித்தது. அப்பா பிளக்கை மாற்றிப் பார்த்தார். கேபிளை மாற்றிப் பார்த்தார். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் நடுங்கினால் வால்வு இடைவெளியையும் சந்தேகப்பட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்ன ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் காலையிலும் நடுங்கியது. மேடு ஏறவில்லை. பட்டறையில் கம்ப்ரெஷன் பார்த்தார்கள். மூன்று சிலிண்டர்களில் 170-ஐத் தாண்டிய முள், ஒன்றில் 60-இலேயே நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, விளிம்பில் எலி கடித்த அப்பளம்போல் இருந்தது.

ஹெட் வேலைக்கு 1,850 வெள்ளி. கார் ஒன்பது நாள் பட்டறையில். அந்த ஒன்பது நாளும் பெர்மிட் வைத்திருந்தவர்களுக்கு நாள் வாடகை 45 வெள்ளி கட்டியாக வேண்டும். ஆக 2,255 வெள்ளி. ஒன்பது நாள் ஓட்டாத வருமானம் அதில் சேரவில்லை. அம்மா கூட்டு கட்டிவந்த பணத்தை முன்னதாகவே எடுக்க வேண்டியதாயிற்று. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஆகவே அண்ணன் அவர்களே, "சத்தம் இல்லையென்றால் தொடாதே" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தட்டுகிற வால்வு நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. இறுகுகிற வால்வு சொல்வதில்லை. அதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அப்படியென்றால் எல்லாரும் நாளைக்கே பட்டறைக்குப் போய் டெப்பட் பார்க்கச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். அண்ணன் சொன்னதில் சரியான பாதி இங்கேதான் வருகிறது. உங்கள் கார் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றைக்கு ஓடும் கார்கள் பலவற்றில் ஹைட்ராலிக் வகை இருக்கிறது. என்ஜின் எண்ணெயின் அழுத்தமே சந்தை நிரப்பிக்கொள்ளும். அங்கே திருகிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. காலையில் முடுக்கியதும் சில நொடிகள் தட்டிவிட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம். விடாமல் தட்டினால் எண்ணெய் அளவைப் பாருங்கள், எண்ணெய் மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள், கையேட்டில் சொன்ன ரக எண்ணெய்தானா என்று பாருங்கள். இந்த வகை என்ஜினுக்கு "டெப்பட் செட் பண்ணிக் கொடுத்தேன்" என்று எவராவது பில் கொடுத்தால், எதைச் செட் பண்ணினீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது, வால்வின் தலைமேல் கிண்ணம் கவிழ்த்ததுபோல் இருக்கும் வகை. 2003-இல் மலேசியாவுக்கு வந்த வியோஸ் கார் இப்படித்தான். குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.35. அளப்பது எளிது, மாற்றுவது கடினம். கேம் தண்டைக் கழற்றி, வேறு கனமுள்ள கிண்ணம் வாங்கிப் போட வேண்டும். செலவும் அதிகம், தெரிந்த கையும் தேவை. நல்ல வேளையாக இந்த வகை நெடுநாள் மாறாமல் இருக்கும். இவற்றைக் கையேடு சொல்லும் நேரத்திலோ, சத்தம், நடுக்கம், இழுவைக் குறைவு தெரிந்தாலோ அளந்து பார்த்தால் போதும்.

மூன்றாவது, திருகும் நட்டும் உள்ள பழைய பாணி. ஹோண்டா சிட்டி, ஜேஸ், சிவிக் கார்களில் நெடுங்காலமாக இந்த முறைதான். இவற்றுக்குத்தான் நான் இத்தனை நேரம் வாதாடுகிறேன். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கார்க் கையேட்டைக் கேளுங்கள். சிலவற்றில் 40,000 என்று இருக்கும், சிலவற்றில் ஒரு இலட்சத்துக்கும் மேல் இருக்கும். நாம் கையேட்டைக் கையுறைப் பெட்டியில் போட்டு, அதன் மேல் பார்க்கிங் ரசீதுகளை அடுக்கிவைக்கிறோம். ஒருநாள் அந்த ரசீதுகளை எடுத்துவிட்டு, பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தில் 'வால்வு கிளியரன்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இருந்தால் அந்த நேரத்தில் பாருங்கள். பெரும்பாலும் பிளக் மாற்றும் சமயத்தோடு சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

தட்டும் சத்தம் எல்லாமே வால்வு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இயல்பாகவே 'டிக் டிக்' என்றுதான் ஒலிக்கும். எக்ஸாஸ்ட் குழாய் சேரும் இடத்தில் கசிவு இருந்தாலும் அதே மாதிரி கேட்கும். எண்ணெய் குறைந்தாலும் கேட்கும். இதைப் பிரித்தறிவது போமனின் காதுக்கு உரிய வேலை. நாம் வீட்டிலிருந்தே முடிவெடுத்துக்கொண்டு போகக் கூடாது.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர்களைக் குறை சொல்கிற நாம், அவர்களைத் தவறு செய்யத் தூண்டுகிறவர்களும்தான். "சத்தத்தை நிறுத்திக் கொடுங்க" என்று கேட்கிறோம். சத்தத்தை நிறுத்துவது மிகச் சுலபம். திருகை இன்னும் கால் சுற்று இறுக்கினால் போதும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார். ஒரு வருடம் கழித்து வால்வு கருகும்போது யாருக்கு நினைவிருக்கும்? எனவே "சத்தத்தை நிறுத்துங்கள்" என்று கேட்காமல், "அளவுக்கு வையுங்கள்" என்று கேளுங்கள். சரியான அளவில் வைத்த திருகு வகை என்ஜின் கொஞ்சம் மெல்லத் தட்டத்தான் செய்யும். அது நோய் இல்லை.

போமனிடம் எதைக் கவனிக்க வேண்டும்? ஹோண்டா போன்ற பல கார்களில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, அடுத்த பத்தாவது நிமிடத்தில் வால்வு கவரைத் திறந்தால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை. முந்தின நாள் மாலையே காரை விட்டுவிட்டு வாருங்கள். சில பழைய என்ஜின்களுக்குச் சூடாக இருக்கும்போது அளக்கச் சொல்லியிருக்கும். அதையும் கையேடுதான் சொல்லும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டைச் சந்தில் விட்டு இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து அசைந்துவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது அளவைத்தான். வால்வு கவரின் கேஸ்கட் காய்ந்து விறைத்திருந்தால் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கசிந்து அது ஒரு தனித் தலைவலி ஆகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. திருகுவதற்கு முன்பு அளந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு எல்லா வால்வும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதில் செய்தி இல்லை. முன்பு எப்படி இருந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒரே வால்வு ஒவ்வொரு முறையும் இறுகியே இருக்கிறது என்றால் அந்த வளையம் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஹெட்டைக் கழற்றாமலேயே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டில் வாகனங்களுக்கான இயற்கை எரிவாயு விற்பனை 2025 ஜூலை 1-ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. எரிவாயுவில் பல ஆண்டு ஓடிய கார்கள் பெட்ரோலுக்குத் திருப்பப்பட்டு, பழைய கார்ச் சந்தைக்கும் வரலாம். பூட்டில் சிலிண்டர் இருந்த அடையாளம் தெரிந்தால், விலை பேசுவதற்கு முன்பு கம்ப்ரெஷனையும், திருகு வகையாக இருந்தால் வால்வு இடைவெளியையும் அளந்து பார்த்துவிடுங்கள். என்ஜின் சத்தமில்லாமல் ஓடுகிறது என்று விற்பவர் சொன்னால், இன்னும் ஒருமுறை பாருங்கள். மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் இந்தப் பேச்சையே மறந்துவிடலாம்; அதில் வால்வே கிடையாது.

என் சொந்தக் கார் 2011 ஹோண்டா சிட்டி. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. போன மாதம் முந்தின இரவே பட்டறையில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் போமன் ஓர் அட்டைத் துண்டில் பதினாறு எண்களை எழ்தி வைத்திருந்தார். எக்ஸாஸ்டுக்கு 0.26 முதல் 0.30 வரை இருக்க வேண்டும். ஏழு சரியாக இருந்தன. ஒன்று மட்டும் 0.23. சத்தம் ஏதும் இல்லை; காரில் எந்தக் குறையும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 0.28-க்கு வைத்துக் கொடுத்தார். கேஸ்கட்டோடு 190 வெள்ளி. அடுத்த முறை கையேடு சொல்லும் தூரத்துக்குக் காத்திருக்காமல், 20,000 கிலோமீட்டரில் அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த அட்டையை அப்பாவிடம் காட்டினேன். இப்போது அவர் வாடகைக்கார் ஓட்டுவதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். 0.23 என்ற எண்ணின்மேல் விரலை வைத்து, "மூணாவது சிலிண்டரா?" என்று கேட்டார்.

இரண்டாவது என்றேன். அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.